பெயரும் விளியும்

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், பங்கோர் தீவுக்கு எதிரே அமைந்துள்ள துறைமுகப் பட்டினம் லூமுட். அதன் கரையில் 2011ஆம் ஆண்டு ஒரு பழைய போர்க்கப்பல் அருங்காட்சியகமாக்கப்பட்டது. பிரிட்டனில் கட்டப்பெற்று, மலேசியக் கடற்படையில் நெடுங்காலம் பணியாற்றி, 2004இல் ஓய்வுபெற்ற அக்கப்பலின் பெயர் 'ராஹ்மாட்'. அருள் என்பது அதன் பொருள். ஆயினும் அதற்கு முதலில் இடப்பட்ட பெயர் அதுவன்று. மலாய்க் காவியத்தில் தன் நண்பனுக்காக அரசனையே எதிர்த்து நின்ற ஹாங் ஜெபாட்டின் பெயரையே அது முதலில் தாங்கியிருந்தது. 1970இல் அப்பெயர் நீக்கப்பட்டுப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. கலகக்காரனின் பெயர் நீங்கி அருளின் பெயர் வந்தபோதும் கப்பலின் இரும்பில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. தன்னை எப்பெயரிட்டு அழைத்தாலும் கப்பல் வருந்துவதில்லை, மகிழ்வதுமில்லை.

மனிதனின் நிலை அத்தகையதன்று. அவனுக்குச் செவியுண்டு, செவிக்குப் பின்னே ஓர் உள்ளமுண்டு. ஆகவே, பெயர் பற்றிய வினா கப்பலைப் பொறுத்தவரை வெறும் ஆணை பற்றிய வினாவாக முடிந்துவிட, மனிதனைப் பொறுத்தவரை அறம் பற்றிய வினாவாக வளர்கின்றது. பெயரிடும் உரிமை யாருக்குரியது? அப்பெயரால் அழைக்கும் பொறுப்பு யாருக்குரியது? இவ்விரண்டும் ஒன்றா, வேறா?

ஆங்கிலம் கற்கும் மாணவர் அடிக்கடி மயங்கும் இரு சொற்கள் இவ்வினாவுக்கு வழிகாட்டுகின்றன. 'நேம்' என்பது ஒன்று. 'கால்' என்பது மற்றொன்று. இரண்டையும் அகராதியில் தேடும் மாணவன், பெயர் தொடர்பான பொருள் இரண்டிலும் இருக்கக் கண்டு, ஒன்றுக்கு மற்றொன்றை இட்டு எழுதிவிடுகின்றான். ஆனால், அவ்விரண்டின் இயல்பும் வேறு. குழந்தைக்குப் பெயர் சூட்டுவதும், ஒரு பதவிக்கு இன்னார் என்று அறிவிப்பதும், ஐந்து ஆறுகளின் பெயர்களைக் கூறுக என்று தேர்வில் கேட்பதும் 'நேம்' என்ற சொல்லுக்குள் அடங்கும். அது பெரும்பாலும் ஒருமுறை நிகழ்வது, தீர்மானம் செய்வது, ஏட்டில் எழுதத்தக்கது. உரத்துக் கூவுவதும், அருகே வரச் சொல்வதும், தொலைபேசியில் தொடர்பு கொள்வதும், ஒருவர் இல்லம் சென்று காண்பதும் 'கால்' என்ற சொல்லுக்குரியவை. அது நாள்தோறும் நிகழ்வது, குரலில் வாழ்வது, எதிரே ஒரு செவி இருந்தாலன்றி நிறைவு பெறாதது.

ஒரு பெண் குழந்தைக்குப் பெற்றோர் தமிழ்ச்செல்வி என்று பெயரிடுகின்றனர். வீட்டில் எல்லாரும் செல்வி என்கின்றனர். முன்னது 'நேம்'; பின்னது 'கால்'. இவ்வளவில் வேறுபாடு எளிதே. வியப்புக்குரியது இனித்தான் வருகின்றது. இவ்விரு சொற்களையும் ஒரு தொடரில் இணைத்து, ஒருவன் மற்றொருவனைப் 'பெயர்கள் சொல்லி அழைத்தான்' என்ற அமைப்பில் ஆங்கிலேயர் கூறினால், இழித்துரைத்தான், வசைமொழிந்தான் என்பதே அதன் பொருள். பெயரிடும் உரிமை இல்லாதவன், அழைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்திப் பிறனுக்குப் புதுப்பெயர் இட்டுவிடுகின்றான் என்பதே அவ்வழக்கின் உட்கருத்து எனலாம். வசையின் இலக்கணத்தையே அம்மொழி அவ்விரு சொற்களுக்குள் அடக்கி வைத்திருக்கின்றது.

தமிழ் இலக்கணமோ இவ்வேறுபாட்டை மிகத் தொன்மையிலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் வேற்றுமைகளை வகுக்கையில், பெயரை முதல் வேற்றுமையாகவும் விளியை எட்டாம் வேற்றுமையாகவும் வைத்தார். விளிக்கென்று 'விளிமரபு' எனத் தனியோர் இயலும் அமைத்தார். பெயர் தொடக்கத்தில் நிற்க, விளி இறுதியில் நிற்கின்றது. பெயர் எவ்வாறு இருப்பினும் அழைக்கும்போது அது பெரும்பாலும் உருமாறும். கண்ணன் என்ற பெயர் கண்ணா என்றாகும். தம்பி என்பது தம்பீ என நீளும். மகள் என்பது மகளே என ஏகாரம் பெறும். அருகிருப்போரை அழைக்கும்போது பெயர் இயல்பாகவே நிற்பதும், தொலைவில் இருப்போரை அழைக்கும்போது ஓசை நீள்வதும் அவ்வியலில் கூறப்பட்டுள்ளன. அழைக்கப்படுவோர் நிற்கும் இடத்தை நோக்கிச் சொல்லே தன்னை மாற்றிக்கொள்கின்றது. அழைத்தலின் முதல் அறம் இதுவே அன்றோ!

மேலும் ஒரு நுட்பம் கருதத்தக்கது. அவன், இவன், யாவன் போன்ற சொற்கள் விளி ஏலா என்பது தொல்காப்பிய விதி. 'அவன்' என்று ஒருவனைச் சுட்டலாம், அவனைப் பற்றிப் பேசலாம், பழிக்கவும் செய்யலாம். ஆனால், 'அவனே, வா' என்று அவனை அழைத்தல் இயலாது. சுட்டுவதற்கு விரல் போதும். அழைப்பதற்கோ எதிரே நிற்பவனை முன்னிலையாக ஏற்றல் வேண்டும். ஒருவரை அழைக்கின்றவர் அவரைத் தமக்கு நிகராக, மறுமொழி கூறவல்ல ஓர் உயிராக ஒப்புக்கொள்கின்றார்.

இவ்விலக்கணத்தை ஊர்ப்பெயர்களில் வைத்துப் பார்த்தல் தகும். 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கையை அடுத்து லூமுட்டும் பங்கோரும் உள்ளிட்ட பகுதி, 'டிண்டிங்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டு, 1935இல் மீண்டும் பேராக்கிடம் வந்து சேர்ந்தது. டிண்டிங் என்று வழங்கிய அம்மாவட்டம் பின்னர் மஞ்சோங் எனப் பெயர் பெற்றது. அதற்குத் தெற்கே, பினாங்கின் துணை ஆளுநராக இருந்த ஆன்சன் என்பாரின் பெயரைத் தாங்கியிருந்த தெலுக் ஆன்சன், 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. அரசிதழில் ஒரே நாளில் பெயர் மாறிவிடும். ஆனால், மக்களின் நாவில் அது மாறுவதற்கு ஒரு தலைமுறை தேவைப்படும். தெலுக் ஆன்சன் என்றே சொல்லிப் பழகிய முதியோர், புதுப்பெயர் வந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் பழம்பெயரையே சொல்லி வந்தனர். பெயரிட்டவர் ஆட்சியாளர், அழைப்பவர் மக்கள்.

இதற்கு மறுதலையான சான்று தமிழகத்தில் உண்டு. தமிழ்நாடு என்ற சொல்லாட்சி சிலப்பதிகாரத்திலேயே காணப்படுவது. மக்கள் அவ்வாறே வழங்கி வந்த நிலத்துக்குச் சென்னை மாநிலம் என்பதே அரசின் பெயராக இருந்தது. பெயர்மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர்நீத்தார். 1967 ஜூலையில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. இங்கே விளி முந்தியது, பெயர் பிந்தியது. பல நூற்றாண்டுகளாக நாவில் இருந்ததை ஏட்டில் ஏற்றுவதற்கு ஓர் உயிர் விலையாக வேண்டியிருந்தது.

ஊர்ப்பெயரில் இழப்பு இவ்வளவென்றால், மக்கட்பெயரில் அது இன்னும் ஆழமானது. தமிழில் 'கூலி' என்பது ஊதியம். உழைத்தவன் கைக்கு வரும் பொருள். அதைப் பெறுபவன் கூலியாள். ஆங்கிலத்தில் வழங்கிய 'கூலி' என்ற சொல்லின் பிறப்புப் பற்றி அறிஞரிடையே வேறு கருத்தும் உண்டு. ஆயினும், அது தோட்டத்துரைமாரின் நாவில் புகுந்தபோது நிகழ்ந்தது யாது? 'ஆள்' மறைந்தான், கூலியே அவன் பெயராயிற்று. பெரட்டில் விடியுமுன் வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் தாய்தந்தையர் இட்ட பெயர் இருந்தது. கிராணியின் ஏட்டிலும் அது ஒருவாறு எழுதப்பட்டிருந்தது. பெயர் இல்லாமற் போகவில்லை. அப்பெயரால் அழைப்பார்தாம் இல்லாமற் போயினர். அவ்வரிசையில் நின்றோர் ஒருவரையொருவர் அண்ணே என்றும், அக்கா என்றும், பெரியப்பா என்றும் அழைத்துக்கொண்டனர். மேலிருந்து வந்த விளி பறித்ததைப் பக்கத்திலிருந்து வந்த விளி மீட்டுத் தந்தது.

'கெலிங்' என்ற சொல்லின் வரலாறும் இதனைத் தெளிவாக்கும். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து தோன்றியதாகக் கருதப்படும் அச்சொல், பழைய மலாய் நூல்களில் இந்திய நாட்டையும் அதன் மக்களையும் குறித்து இழிவின்றி வழங்கியது. மலாக்காவின் கம்போங் கெலிங் பள்ளிவாசலும் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அப்பெயரை இன்றும் பெருமையுடன் தாங்கி நிற்கின்றன. ஆயினும், அதே சொல் தெருவில் ஒருவர் முகத்துக்கு நேரே வீசப்படும்போது நெஞ்சைச் சுடுகின்றது. எழுத்துகள் மாறவில்லை, அழைத்த குரல்களே அதனை நஞ்சாக்கின. பேராக்கின் மலைப்பகுதிகளில் வாழும் செமாய், தெமியார் முதலிய மக்களும் ஒரு காலத்தில் 'சக்காய்' எனப்பட்டனர். அடிமைத்தனத்தின் சாயல் படிந்த சொல் அது. பின்னரே பூர்வகுடியினர் எனப் பொருள்படும் 'ஓராங் அஸ்லி' என்பது அரசின் வழக்காயிற்று. அவர்களையும் உள்ளடக்கிய 'செனோய்' என்ற பெயருக்கு அவர்தம் மொழியில் மனிதர் என்பதே பொருள். பிறர் அடிமை என்று அழைத்த காலத்திலும், தம்மை மனிதர் என்றே அவர்கள் சொல்லிக்கொண்டனர்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். சொல் வெறும் ஒலிதானே. அழைப்பவன் நன்னோக்கம் உடையவனாயின் போதாதோ என்பது அத்தடை. நன்னோக்கம் வேண்டும், ஆனால், அது மட்டும் போதாது. தீண்டாமையை எதிர்த்த காந்தியடிகள், ஒடுக்கப்பட்ட மக்களை இறைவனின் மக்கள் எனப் பொருள்படும் 'அரிசன்' என்ற சொல்லால் அழைத்தார். 1933இல் அப்பெயரிலேயே இதழும் தொடங்கினார். அவர்தம் உள்ளத் தூய்மையை ஐயுறுவதற்கில்லை. ஆயினும், அம்பேத்கர் அப்பெயரை ஏற்கவில்லை. அதற்குப் பதினோராண்டு முன்பே, 1922இல், எம். சி. இராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றிருந்தது. முன்னது பிறர் அன்பால் அளித்தது. பின்னது தாமே உரிமையால் கேட்டுப் பெற்றது. அன்பும் அழைக்கப்படுவோரைக் கேட்டே பெயர் சூட்டல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின், ஒருவர் விரும்பியவாறெல்லாம் அவரை அழைக்கப் பிறர் கடமைப்பட்டவரோ? தம்மை 'மாமேதை' என்றும் 'பெருங்கவிக்கோ' என்றும் அழைக்குமாறு ஒருவர் வற்புறுத்தினால் அதற்கும் இணங்க வேண்டுமோ? இல்லை. தாழ்த்தப்படாதிருத்தல் ஒவ்வொருவருக்கும் பிறப்புரிமை. உயர்த்தப்படுதல் எவருக்கும் உரிமையன்று. முன்னதை மறுப்பது கொடுமை. பின்னதை மறுப்பது நேர்மை. பட்டங்களும் அடைமொழிகளும் பிறர் உவந்து அளித்தால் அணியாகும். கேட்டுப் பெற்றால் சுமையாகும். பெயரோ அணியன்று, உடுக்கை. அதனைக் களைய எவருக்கும் உரிமையில்லை.

இவ்வறம் நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் வகுப்பறை. ஆசிரியர் எந்த மாணவனுக்கும் பெயரிட்டவர் அல்லர். வருகைப் பதிவேடு அவர் கைக்கு வருமுன்பே பெயர்கள் முடிந்துபோனவை. சிலவற்றைப் பதிவு அலுவலர் பிழைபட எழுதியிருப்பார், லெட்சுமி 'லெச்சுமி' ஆகியிருப்பாள், ழகரம் லகரமாகியிருக்கும். ஏட்டில் உள்ளதைத் திருத்தும் அதிகாரம் ஆசிரியருக்கு இல்லை. ஆனால், தாய் அழைத்தவாறே அப்பிள்ளையை அழைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பெற்றோரை ஒருமுறை கேட்டறிந்தால் அது கைகூடும். எழுத்தில் சிதைந்த பெயரை அவர்தம் குரல் செம்மையாக்கிவிடும்.

அதே குரல் மறுபக்கமும் செல்லவல்லது. மந்தமாகப் படிக்கும் ஒருவனை ஆசிரியர் ஒருநாள் சினத்தில் 'மக்கு' என்று அழைக்கின்றார் என்று கொள்வோம். வகுப்பு சிரிக்கின்றது. மறுநாள் அவர் அதனை மறந்துவிடுவார், வகுப்பு மறப்பதில்லை. திடலிலும் பேருந்திலும் அதுவே அவன் பெயராகிவிடுகின்றது. ஆண்டிறுதியில் ஆசிரியர் மாற்றலாகிச் செல்வார். அவர் இட்ட பெயர் அங்கேயே தங்கிவிடும். தந்தை நாள்பார்த்து, கோயிலில் வைத்து, உறவினர் சூழச் சூட்டிய பெயரை ஒரு நொடிச் சினம் வென்றுவிட்டது. பெயரிடும் உரிமை இல்லாதவர் பெயரிட்டுவிட்டார் என்பதே அங்கு நிகழ்ந்த பிழை. அதற்குக் கழுவாய் ஒன்றே: அதே வகுப்பின் முன்னிலையில், அவன் பெயரைச் சொல்லி, அதே குரலால் அவனை மீண்டும் மீண்டும் மதிப்புடன் அழைத்தல்.

பெயரிடுதல் ஒருநாளைய அதிகாரம். அழைத்தல் ஒவ்வொரு நாளைய பொறுப்பு. அதிகாரம் சிலருக்கே கிட்டும். பொறுப்போ நாவுள்ள எல்லாருக்கும் உரியது. நாட்டின் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் மாற்றும் ஆற்றல் தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் இல்லாதிருக்கலாம். எதிரே நிற்கும் மனிதரை எவ்வாறு அழைப்பது என்பதை அவர்களிடமிருந்து எந்த அரசும் பறித்துவிட இயலாது.

தமிழ்ப்பள்ளியில் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஆசிரியர் ஒரு பெயரை அழைக்கின்றார். பிள்ளை எழுந்து 'உள்ளேன் ஐயா' என்கின்றது. 'இருக்கின்றேன்' என்பதே அம்மறுமொழியின் பொருள். பெயர் சரியாக ஒலித்த செவி தரும் மறுமொழி அது. அவ்வாறு எழுந்து நின்று சொல்லும் துணிவை ஒரு பிள்ளைக்கு அளிப்பதும், அதனைக் குன்றச் செய்வதும் அழைக்கின்றவர் குரலிலேயே இருக்கின்றன.