நோயாளரைப் பேணுதலும் மருந்து விடாமையும்



ஒரு காலத்தில் பகவான் புத்தர், ஆனந்தரோடு பிக்ஷுக்களின் உறைவிடங்களைச் சுற்றிப் பார்த்து வருகையில், வயிற்றுக்கடுப்பால் வருந்திய ஒரு பிக்ஷு தன் மலசலத்திலேயே வீழ்ந்து கிடக்கக் கண்டார். உன்னைக் கவனிப்பார் எவருமில்லையோ என வினவ, இல்லை என்றார் அவர். தாம் பிறர்க்கு ஓர் உதவியும் செய்யாதவராதலின் மற்றவர்கள் தம்மைப் பார்ப்பதில்லை என்றும் சொன்னார். பகவான் தாமே நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். பின்பு ஒருவர் தலைப்பக்கமும் மற்றவர் காற்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். தாய் தந்தையரை விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் யார் பேணுவார் என்று பகவான் சங்கத்தாரைக் கேட்டதும், தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றோர்க்குச் செய்யக்கடவர் என்று விதித்ததும் விநயபிடகத்து மகாவக்கத்தில் உள்ளன.

இதனை நாம் பலமுறை கேட்டு, மனமுருகி, வீடு போய்ச் சேர்ந்திருக்கிறோம். ஆனால் அதே இடத்தில் தொடர்ந்து வரும் பகுதியை உபந்நியாசம் செய்வோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பேணுதற்கு எளிய நோயாளிக்குரிய ஐந்து குணங்களைப் பகவான் அங்கு எடுத்துரைக்கிறார். உடலுக்கு இதமானதைச் செய்தல், அளவறிதல், மருந்துண்ணல், வேதனை பொறுத்தல் என்பவற்றோடு, நோய் கூடினால் கூடிற்றென்றும் தணிந்தால் தணிந்ததென்றும் தன் நலம் நாடுவோரிடம் உள்ளபடி சொல்லுதலும் அவற்றுள் ஒன்று. நலம் நாடுவோர் ஒருவரேனும் அருகில் இல்லையாயின், அக்குணம் நோயாளியிடம் எங்ஙனம் அமையும்?

எச்.ஐ.வி. கண்டவர்களை முன்னிட்டே இதனைக் கேட்கிறேன். 1986ஆம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவர்தம் மாணவியாகிய டாக்டர் நிர்மலா செல்லப்பன் அவர்களும் இக்கிருமி நம் நாட்டில் இருப்பதை முதன்முதல் கண்டறிந்தபோது, அது மரண ஓலையாகவே இருந்தது. இன்று அவ்வாறன்று. 2004 ஏப்ரல் முதல் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. 2017 முதல், சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல், கிருமி கண்டவர் எவர்க்கும் உடனே சிகிச்சை தொடங்கப்படுகிறது. நமது சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனையிலும் அதற்குரிய ஏ.ஆர்.டி. மையம் உண்டு. பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரைதான். அதனை விடாது உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால், உடலுறவினாலும் அது துணைவர்க்குப் பரவுவதில்லை என்று ஆராய்ச்சிகள் நிறுவியுள்ளன.

இவ்வாறிருக்க, இன்னமும் மக்கள் மடிவானேன்? நோயைக் காலந்தாழ்த்தி அறிவோர் ஒருபுறமிருக்க, நடுவில் மருந்தை நிறுத்திவிடுவோரும் பலர். கிருமி அழிவதில்லை, சில அணுக்களுக்குள் பதுங்கிக் கிடக்கிறது. மருந்து நின்றால் சில வாரங்களில் மீண்டும் பெருகும். விட்டுவிட்டு உண்டாலோ அம்மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றிவிடும். பின்னர்க் காசநோய் முதலியன வந்து புகும்.

நிறுத்துவோரை மூடரென்று சொல்லுவது எளிது. பீனியாவில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண் ஒருநாள் மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒருநாட் கூலி போயிற்று. மேஸ்திரியிடம் என்ன காரணம் சொல்லுவாள்? வரிசையில் தெருக்காரர் எவரேனும் கண்டுவிட்டால் என் செய்வாள்? உடம்பு தேறிவிட்டதே, இனி ஏன் என்று எண்ணுவோரும் உண்டு. விபூதியும் வேரும் தந்து, முற்றும் தீர்த்துவிட்டேன், மாத்திரையை வீசியெறி என்று சொல்லும் சாமியார்களும் உண்டு. இவர்களைப் பற்றி மரியாதையாகப் பேச எனக்குத் தெரியவில்லை.

நிற்க. நம்மவரிலேயே சிலர், அது அவரவர் கன்மம் என்கிறார்கள். இது பௌத்தமன்று. சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் துய்ப்பதெல்லாம் முன்செய்த வினையே என்போரைக் குறித்து வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், அம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், ஒழுங்கற்ற நடை, திடீர்த் தாக்குதல் என ஏழு காரணங்களைக் கூறி, எட்டாவதாகவே வினையைக் கூறினார் பகவான். எல்லாம் வினையே என்போர் தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகிறவர்கள் என்றும் சொன்னார். கணவனால் கிருமி பெற்ற மனைவியையும், தாய்வழிப் பெற்ற குழந்தையையும் கண்முன் வைத்துக்கொண்டு கன்மம் பேசுவோர், யாருடைய கன்மத்தைப் பேசுகிறார்கள்?

சென்ற வைசாகப் பௌர்ணமியன்று ஓர் அம்மையார் அன்னம் பரிமாற முன்வந்தபோது, சிலர் முகஞ்சுளித்துக் கரண்டியை வாங்கிக்கொண்டனர். சோற்றாலும், பாத்திரத்தாலும், தொடுவதாலும் இக்கிருமி பரவாது. அவ்வம்மையார் அதன்பின் விகாரைக்கு வரவில்லை. இரண்டு மாதம் மருத்துவமனைக்கும் போகவில்லை என்று பிற்பாடு அறிந்தோம். நம்பிக்கையின்பேரில் அறிந்த ஒருவரது நிலையை அவர் இசைவின்றி வெளியிடுதலை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. அச்சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் உபாசகர்க்குச் சட்டத்தைக் காட்டிச் சொல்ல நேர்ந்ததே, அதுதான் எனக்கு வருத்தம்.

அவ்வம்மையாரிடம் நம் சகோதரி ஒருவர் சென்று, "அக்கா, நாளைக்கு நானும் கூட வருகிறேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இருவரும் போய் வந்தனர். யான் மில்லில் தறி ஓட்டியவன். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி அப்போதே முடிந்துவிடுவோம். அறுந்த இழையை ஏசிக்கொண்டு எவனும் நிற்பதில்லை. திரும்பி வருவோரை ஏன் இத்தனை நாள் போகவில்லையென அதட்டினால், மறுமுறை தவறியவர் அதட்டலுக்கு அஞ்சியே ஒளிந்துகொள்வார்.

நோய் நிலைப்பட்டோர்க்கு இரண்டு மூன்று மாத மருந்தை ஒருங்கே தரும் வழக்கம் உண்டு. கூலி இழப்போர் அதனைக் கேட்டுப் பெறலாம். வேலை நிமித்தம் ஊர் மாறுவோர் தங்கள் சிகிச்சையை அவ்வூர் மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மேலும் ஐயமுடையோர்க்கு 1097 என்னும் இலவசத் தொலைபேசி உண்டு.

துணைக்கு ஆள் வேண்டுவோர் என்னிடமோ அச்சகோதரியிடமோ நாளை மட்டும் சொன்னால் போதும். எந்த மருத்துவமனை, என்ன நோய் என்று கேட்கமாட்டோம். பெயர் சங்கத்தின் எந்த ஏட்டிலும் எழுதப்படாது. வரும் பௌர்ணமியன்று அன்னம் பரிமாறும்படி அவ்வம்மையாரைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்லுவதாகக் கூறியிருக்கிறார்.