படிக்காசுக்கும் வட்டம் பிடித்த கடைத்தெரு

மாதக் கடைசியில் அரிசி டப்பாவுக்குள் ஆழாக்கை விட்டால், அடித்தகரம் டங்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்காத குடும்பங்கள் நம் ஊரில் குறைவு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், 'மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார்கள். கேட்பவர்களுக்குச் சில நாள் அது ஆறுதல். சில நாள் எரிச்சல். ஊற்றுகிறவன் எப்போது வருவான், எந்தக் குடத்தோடு வருவான் என்பதைப் பழமொழி சொல்வதில்லை.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லும் கதை ஒன்று திருவீழிமிழலையில் இருக்கிறது.

திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அங்கே தங்கியிருந்தபோது மழை பொய்த்தது. காவிரி வறண்டது. ஊரே பசியில் கிடந்தது. பிறகு நடந்ததைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் சேக்கிழார் எழுதினார். இருவர் கனவிலும் சிவபெருமான் வந்தார். பஞ்சத்தால் உங்கள் மனம் வாடாது என்றாலும், உங்களைச் சார்ந்து நிற்கும் அடியார்களுக்காக நாள்தோறும் ஒரு காசு தருகிறோம் என்றார். விடிந்ததும் கோயிலின் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒரு பொற்காசு, மேற்குப் பீடத்தில் நாவுக்கரசருக்கு ஒரு பொற்காசு. பஞ்சம் தீரும்வரை தினமும் இப்படியே கிடைத்தது. அதற்குப் பெயர் படிக்காசு. படி என்றால் அன்றாடச் செலவுக்கு அளந்து கொடுப்பது. அரசு ஊழியர்கள் ஒரு காலத்தில் பஞ்சப்படி என்று வாங்கினார்களே, அந்தப் படிதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடவுள் கொடுத்தது சோறு அல்ல, காசு. வெந்த சோற்றையே குவியலாக இறக்கியிருக்கலாம். புராணத்தில் அதற்கு என்ன தடை? ஆனால் சேக்கிழார் சொல்லும் கதையில் அந்தக் காசை எடுத்துக்கொண்டு ஒருவர் கடைத்தெருவுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. அரிசி, பருப்பு, கறிகாய் எல்லாம் வாங்க வேண்டும், சுமக்க வேண்டும், சமைக்க வேண்டும். அடியார்கள் எல்லோரும் சாப்பிட வரலாம் என்று பறையறைந்து சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகுதான் கதையில் சுவையான இடம் வருகிறது. நாவுக்கரசர் மடத்தில் சீக்கிரமே பந்தி போட்டுவிடுகிறார்கள். சம்பந்தர் மடத்தில் மட்டும் தினமும் நேரமாகிறது. பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் அடியார்கள். ஏன் தாமதம் என்று சம்பந்தர் சமையல்காரர்களைக் கேட்கிறார். அவர்கள் உள்ளதைச் சொல்கிறார்கள்: நாவுக்கரசரின் காசைக் கடைக்காரர்கள் உடனே வாங்கிக்கொள்கிறார்கள், நம் காசுக்கு வட்டம் கேட்கிறார்கள். மாற்றுக் குறைந்த நாணயத்துக்குக் கழிவு பிடிப்பதுதான் வட்டம். சுவாமி கொடுத்த காசாகவே இருக்கட்டுமே, உரைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்பது கடைத்தெருவின் சட்டம். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் சேக்கிழார் என்பது மரபு. வரவு செலவு பார்த்த கை என்பதாலோ என்னவோ, இந்தக் கழிவுக் கணக்கை அவர் விட்டுவிடவில்லை.

சம்பந்தர் காரணத்தை யோசிக்கிறார். நாவுக்கரசர் வயதான காலத்திலும் உழவாரப் படையோடு கோயில் பிராகாரங்களில் புல் செதுக்குகிறவர். உடம்பால் உழைக்கிறவர். அதனால் அவருக்கு நல்ல காசு. இதை உணர்ந்த சம்பந்தர், காசில் உள்ள குறையை நீக்கித் தரச் சொல்லி ஒரு பதிகமே பாடிவிடுகிறார். கடவுளிடம் சில்லறைத் தகராறு! மறுநாள் முதல் நல்ல காசு வந்தது, இரண்டு மடத்திலும் ஒரே நேரத்தில் இலை விழுந்தது. பின்னர் மழையும் பெய்தது. கோயிலில் அந்தப் பீடங்களை இன்றும் காட்டுகிறார்கள்.

புராணத்தை நம்பாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குச் சமீப காலத்துக் கதை ஒன்று உண்டு.

1866இல் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் கடும் பஞ்சம். அடுத்த ஆண்டு, 1867 மே 23ஆம் தேதி, வடலூரில் இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். கையில் சொத்து எதுவும் இல்லாதவர் அவர். பார்வதிபுரத்து மக்கள் எழுதிக் கொடுத்த நிலத்தில்தான் சாலை எழுந்தது. சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் கேட்காமல் பசித்தவருக்குச் சோறு போடுவது என்பது ஏற்பாடு.

ஒரு நாள் அங்கே அரிசி தீர்ந்துபோனது என்றும், விஷயத்தைச் சொன்னவர்களிடம் வள்ளலார் சற்று நேரம் தியானித்துவிட்டு, நாளைக்கு எல்லாம் வரும் என்றார் என்றும் அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மறுநாள் காலையில் வேறோர் ஊரிலிருந்து அரிசி வண்டிகளும் மளிகை வண்டியும் வந்து நின்றனவாம். கேட்பவர்கள் வண்டி வந்து நின்ற அந்தக் காலையைத்தான் வியப்பார்கள். ஆனால் மாட்டு வண்டி ஒரு நொடியில் வந்துவிடாது. காலையில் வடலூரில் நிற்க வேண்டுமானால் முந்தின நாளே எங்கோ ஒரு வீட்டில் தானியக் குதிரைத் திறந்திருக்க வேண்டும். யாரோ மரக்காலால் அளந்து மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஒரு வண்டிக்காரர் இரவெல்லாம் தூங்காமல் ஓட்டியிருக்க வேண்டும். தருமச்சாலையில் இருந்தவர்கள் கவலைப்பட்டுக் கொண்டிருந்த அதே நேரத்தில் வண்டி பாதி வழியில் இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

1874 ஜனவரி 30இல் வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைத் திருக்காப்பிட்டுக்கொண்டார். இரண்டே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் செத்தார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆண்களுக்கு அரசு ஒரு கட்டத்தில் கொடுத்தது நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும்தான். கடவுளை நம்பியவர்களும் அந்தப் பஞ்சத்தில் மாண்டார்கள். அதை மறைத்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. அவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அவர்களிடம் வந்து சேர வேண்டிய வண்டிகள் வந்து சேரவில்லை. பஞ்சம் நடந்த காலத்திலேயே இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது.

வடலூர் அடுப்பு 1867இல் மூட்டியது முதல் அணைந்ததில்லை என்கிறார்கள். அப்படியானால் தாது வருஷமும் அந்தக் கணக்கில் சேர்த்தி. தொடங்கிவைத்த வள்ளலாரும் இல்லை, அரிசிக்கு உத்தரவாதமும் இல்லை. இருந்தும் விறகு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இப்போதும் தைப்பூசம் நெருங்கினால் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து அரிசி மூட்டைகளும் காய்கறிகளும் வடலூருக்கு வந்து இறங்குகின்றன. மாட்டு வண்டிக்குப் பதில் லாரியும் டிராக்டரும். முந்தின நாளே ஏற்றிவிடுகிறார்கள்.