இடம் மாற முடியாத வீடு

தில்லியிலுள்ள புசா ரோடு, பீகாரின் புசா என்னும் ஊரால் பெயர் பெற்றது. 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அங்கிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடம் சிதைந்தது. 1936-இல் நிலையம் தில்லிக்கு வந்தது, பெயரும் உடன் வந்தது. தேகம் என்னும் வீட்டில் குடியிருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. முதுகுத்தண்டு ஆட்டம் கண்டாலும் உள்ளே இருந்தபடியேதான் பழுது பார்க்க வேண்டும்.

அதே சாலையிலுள்ள மருத்துவமனைக்கு ஸ்கேன் படத்துடன் செல்லும் அன்பர்கள் சிலர், 'உடல் நான் அல்ல' என்று சாஸ்திரம் கூறும்போது அறுவை சிகிச்சைக்கு இணங்குவது பக்திக் குறைவாகாதா என்று வினவுகின்றனர். ஆகாது. பகவான் ரமணர் 1949-இல் இடக்கையில் தோன்றிய கட்டிக்காக நான்கு முறை அறுவைக்கு இசைந்தார். கையையே நீக்கிவிடலாம் என்றபோது மறுத்தார். இசைந்தபோதும் மறுத்தபோதும் அவரிடம் அச்சமில்லை.

அச்சம் விலகினால் புத்தி உள்ளதை உள்ளபடி காணும். ஜவ்வு விலகியிருப்பதாக ஸ்கேன் காட்டுவதாலேயே அறுவை அவசியமாகிவிடாது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அது தென்படுவதுண்டு. காலுக்குப் பாயும் நரம்பு வலி பலருக்குச் சில வாரங்களில் தானே தணிகிறது. தணியாவிடில் அறுவை அந்தக் கால் வலிக்கு நன்கு உதவும். வெறும் முதுகு வலிக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆனால் பாதம் வலுவிழந்துகொண்டே வந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே மருத்துவரை அடைய வேண்டும். அப்போதும் காத்திருப்பது திதிக்ஷை அல்ல, தமோகுணம்.

மற்றவர்கள் மருத்துவரிடம் நிதானமாகக் கேட்கலாம்: எந்த வலி நீங்கும்? காத்திருந்தால் இழப்பு என்ன? இன்னொரு மருத்துவரிடமும் அதையே கேளுங்கள். ஜோதிடரிடம் நாள் குறிப்பது அதன் பிறகு இருக்கட்டும்.