வட்டமும் சதுரமும்

எங்கள் திருப்புலிவனத்தில் சுவாமிக்கு வியாக்ரபுரீஸ்வரர் என்று பெயர். வண்டு வாய் வைக்காத பூ பூசைக்கு வேண்டும், அதற்கு இருட்டிலேயே மரமேற வேண்டும் என்று புலியின் காலும் கண்ணும் கேட்டு வாங்கினாராம் வியாக்ரபாதர். மோட்சம் கேட்கவில்லை, செய்கிற வேலைக்கு ஏற்ற உடம்பைக் கேட்டார். கிராம சுகாதார நர்சாகக் கால் தேய்ந்த எனக்கு அதனாலேயே அவரைப் பிடிக்கும்.

ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தபோது ஒரு போலியோ ஞாயிறு. சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்து கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் சூடு பட்டது என்று அர்த்தம், கொடுக்கக் கூடாது. அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. வெயிலில் நீட்டிப் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான். அங்கன்வாடி ஆயாவின் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சதுரம் வெள்ளையாத்தான் இருக்கு, நர்சம்மா" என்றாள். கண்ணில் புரை.

மறுநாளே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் முடியும்வரை குப்பியைத் தொடவில்லை. ஆனால் யாரும் கேட்டு நான் சொல்லவில்லை. நர்சுகள் எங்கள் பேர் இருக்கும் பதிவேடு 1926-ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது. தப்பு செய்தால் பேரை நீக்குவார்கள். தப்புக்கு முந்தின நாள், கை நடுங்குகிறதா, கண் தெரிகிறதா என்று யார் பார்ப்பது?

ஊர்ப் பதவிக்கு யார் வரலாம் என்று முன்கூட்டியே பார்க்கும் கல்வெட்டு ஒன்று, பராந்தகச் சோழன் காலத்தது, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. குடவோலையில் பேர் எழுத வயது 35-க்கு மேல், 70-க்குள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை எழுதக் கூடாது, அவன் சொந்தக்காரர் பேரையும் எழுதக் கூடாது. (மாமன் மகன் என்ன பாவம் செய்தான்? எனக்கு ஒப்பவில்லை.) இன்னொன்று: சில பாவங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து சுத்தமானவனும் ஆயுசுக்கும் பதவிக்கு வர முடியாது. பாவம் போய்விட்டதென்றால் தடை மட்டும் எதற்கு? வெகுநாள் குமைந்தேன். சுத்தம் அவனுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ளது. பதவி ஊருடையது. ஊர் பயந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனாலும் ஆயுசுக்கும் என்பது அதிகம். டாக்டர்களுக்கான 2002-ஆம் வருஷ விதிகளில், குறிப்பிட்ட காலத்துக்கு நீக்கிய பேரைக் காலம் முடிந்ததும் திரும்பச் சேர்க்க இடமுண்டு. அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்று மட்டும் வேண்டும்: கணக்கை மறைக்காமல் வைக்க வேண்டும்.

என் கணக்கில் ஒரு பாக்கி. அந்த ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை தடுப்பூசியிலும் குப்பிகளை நான்தான் பார்த்தேன். அன்றைக்கும் கண் மங்கல்தான். லைட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான் சொன்னேன். புதன்கிழமையை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.