சபையும் சந்நிதியும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டையில், தறியோசையின் நடுவே வளர்ந்து, கல்லூரிப் படிப்பை முடித்து, இரவு வேளைகளில் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர் சில காலத்துக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, போட்டிக்கு அனுப்பணும், பரிசு வாங்கணும்னு நெனச்சே ஒரு கதைய எழுதறது தப்புங்களா? பலனை எதிர்பார்க்காம செய்யின்னு எங்க தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். கேள்வி சிறியதுபோல் தோன்றினாலும் அதன் வேர் ஆழமானது. குருக்ஷேத்திரத்தில் தேர்த்தட்டில் அமர்ந்து கண்ணன் செய்த உபதேசத்தின் சாரமாக நம் வீடுகளில் வழங்கிவருவது, கர்மத்தில்தான் மனிதனுக்கு அதிகாரம் உண்டு, அதன் பலனில் இல்லை என்பதே. போட்டியோ பலனை முன்னே நிறுத்தி மனிதனை அழைக்கிறது. இன்ன தேதிக்குள் அனுப்பு, இத்தனை பக்கத்துக்குள் எழுது, வென்றால் இவ்வளவு ரூபாய் என்கிறது. இவ்விரண்டு குரல்களும் ஒரே சித்தத்தில் எப்படிக் குடியிருக்க முடியும்?

இதற்கு விடை தேடித் தூர தேசம் போக வேண்டியதில்லை. காஞ்சிப் பட்டையே உயிராகக் கொண்ட ஒரு திரைப்படம் நம் கண்முன் இருக்கிறது. பிரியதர்ஷன் எழுதி இயக்கிய ‘காஞ்சிவரம்’ 2007ஆம் ஆண்டுக்கான 55ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த கதைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது; அதில் வேங்கடம் என்னும் நெசவாளியாக வாழ்ந்து காட்டிய பிரகாஷ் ராஜ் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். பிறந்த மகளுக்குக் கலியாணத்தன்று பட்டுப்புடவை உடுத்தி அனுப்புவேன் என்று வாக்களித்துவிட்ட ஒரு ஏழை, ஊராருக்கெல்லாம் பட்டு நெய்தும் தன் கூலியில் ஒரு பட்டு வாங்க வழியில்லாத நிலையில், முதலாளி வீட்டு இழைகளைச் சிறிது சிறிதாக வாயில் அடக்கித் திருடிக்கொண்டு வந்து, யாரும் அறியாமல் ஒரு புடவையை நெய்யத் தொடங்குகிறான் என்பதே அக்கதை. பிடிபடுகிறான், சிறை செல்கிறான், 1948இல் காவலர்களோடு பேருந்தில் ஊர் திரும்பும்போது மகள் உடல் முடங்கிக் கிடக்கிறாள், இறுதியில் முழுமை பெறாத அந்தப் பட்டு அவளுடைய சவத்தின்மீது போர்த்தப்படுகிறது.

‘காஞ்சிவரம்’ சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே ஆண்டில், சிறந்த திரைக்கதைக்கான விருது வேறொரு படத்துக்கு, ‘காந்தி, மை ஃபாதர்’ எழுதிய ஃபெரோஸ் அப்பாஸ் கானுக்குச் சென்றது. படம் முதலாவது, ஆனால் அதன் எழுத்து முதலாவது அன்று என்பதில் ஒரு முரண் தெரிந்தாலும் நான் அதைக் குறை சொல்ல முற்படவில்லை. கற்றறிந்த மனிதர் சிலர் கூடியிருந்து, தம் அறிவுக்கு எட்டியமட்டும் எடை போட்டுச் சொல்லும் அபிப்பிராயம்தான் விருது என்பதையும், அதைத் தெய்வவாக்காகக் கொள்ளத் தேவையில்லை என்பதையும் எழுதப் புகுவோர் தொடக்கத்திலேயே உணர்ந்துகொள்வது நல்லது.

வேங்கடத்தின் கதையைக் கீதையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. கோர்வைப் புடவை நெய்யும் தறியை அருகிலிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், நெய்பவர் ஒருவர் போதாது, கரைப்பக்கம் நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்கத் துணைக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும், ஒவ்வோர் இழையிலும் கரையும் உடலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும், ஓரிடத்தில் கவனம் தவறினால் அந்த இடம் புடவையின் ஆயுள் முழுவதும் காட்டிக்கொடுக்கும். இத்தனை பாடுபட்டவனுடைய பெயர் புடவையில் எங்கும் இல்லை. அப்படிப்பட்டவனிடம், புடவையை விற்று லாபம் எடுப்பவனே வந்து, பலனில் ஆசை வையாதே அப்பா என்று உபதேசித்தால் அது வேதாந்தம் ஆகாது, அது அதர்மம். பலனைத் துறப்பது உழைப்பவன் தன் மனத்துக்குத் தானே விதித்துக்கொள்ளும் விரதம். ஒருவன் இன்னொருவன்மீது அதைச் சுமத்த எந்தச் சாஸ்திரமும் இடம் கொடுக்கவில்லை. எழுத்தாளனுக்கும் இதுவே நியாயம். கூலி என்பது கடன். அதைக் கேட்டு வாங்குவதில் பற்றும் இல்லை, பாவமும் இல்லை. கதையை வாங்கிக்கொண்டு பெயரையும் பணத்தையும் மறுப்பவர்கள் கலைச்சேவை என்று பேசும்போது இளைஞர்கள் தலைகுனிந்து நிற்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பரிசு கூலியின் இனத்தைச் சேர்ந்ததன்று. அது யாரும் நமக்குப் பட்ட கடனும் அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், பரிசு கிடைக்காதபோது ஏதோ திருட்டுப்போனதுபோல் மனம் கொதிக்கிறது.

பரிசு என்றால் என்ன என்பதை விளக்கக் காஞ்சியிலேயே ஒரு பழங்கதை இருக்கிறது. குமரகோட்டத்தில் அர்ச்சகராக இருந்த கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தைத் தமிழில் பாடத் தொடங்கியபோது, முதலடியை முருகனே எடுத்துக் கொடுத்தான் என்பதும், நாள்தோறும் நூறு பாடல்கள் எழுதி இரவில் சந்நிதியில் வைத்துக் கதவைச் சார்த்திவிட்டுப் போவார், விடியலில் வந்து பார்த்தால் தேவையான இடங்களில் திருத்தம் செய்யப்பட்டிருக்கும் என்பதும் கர்ணபரம்பரையாக வந்த செய்தி. தெய்வமே கையொப்பமிட்ட ஏடு என்றால் அதற்கு மேல் ஒரு மனிதச் சபை எதற்கு என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவர் அதை அரங்கேற்றினார். அரங்கேற்றம் தொடங்கிய அன்றே, முதற்பாட்டின் முதற்சொற்களின் புணர்ச்சிக்குத் தொல்காப்பியத்தில் விதி இல்லை என்று ஒரு புலவர் எழுந்து ஆட்சேபித்தார். இது இறைவன் வாக்கு, ஆட்சேபிக்க நீ யார் என்று சபை அவரை அடக்கவில்லை. விதியைக் காட்டினாலன்றி மேலே செல்ல இயலாது என்று அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒரு புலவர் சபையில் தோன்றி, வீரசோழியம் என்னும் இலக்கணநூலைத் திறந்து அதற்கான விதியை எடுத்துக் காட்டினார். வந்தவன் முருகனே என்கிறது ஐதீகம்.

இக்கதையில் என் மனம் நெடுநேரம் தங்கும் இடம் ஒன்று உண்டு. வீரசோழியத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். சைவப் பெருங்காப்பியம் ஒன்றின் முதலடியை, அதுவும் முருகனே தந்த அடியை, நிலைநாட்டுவதற்கு ஒரு பௌத்தருடைய இலக்கணம் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. முருகனும் வேலை எடுக்காமல் அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு வந்தான். நம் முன்னோர் இதைவிட நாகரிகமான ஒரு விமர்சனக் கொள்கையைச் சொல்லிவிட முடியாது. அனுக்கிரகம் பெற்ற எழுத்தாயினும் ஆட்சேபத்துக்குக் கட்டுப்பட்டது. எனக்கு உள்ளேயிருந்து வந்தது, ஆகவே திருத்தமாட்டேன் என்று சொல்லும் இளைஞரும், சபை கைதட்டினால் போதும், உள்ளே எந்தச் சந்நிதியும் வேண்டாம் என்று எழுதும் இளைஞரும் இரண்டு வேறு திசைகளில் வழி தவறியவர்கள். எழுதும் பொழுது சந்நிதிக்கு உரியது. எழுதி முடித்த பின் ஏடு சபைக்கு உரியது. பொழுதுகளை மாற்றிக்கொண்டால் இரண்டும் கெடும். போட்டிக்காக எழுதலாமா என்ற கேள்விக்கு என் விடை இதுவே: போட்டிக்கு அனுப்பு, ஆனால் எழுதும் நேரத்தில் நடுவர் உன் அறைக்குள் இருக்கக் கூடாது.

சபை பார்க்கவே இல்லையென்றால்? எழுதப்படும் திரைக்கதைகளில் மிகப் பெரும்பாலானவை படமாவதில்லை. சத்யஜித் ராயே 1967இல் எழுதிய ‘தி ஏலியன்’ கடைசிவரை ஏடாகவே நின்றுவிட்டது. எழுத்து வீண்தானா என்ற துயரத்துக்குப் பெரியபுராணத்துப் பூசலார் நாயனாரைவிடச் சிறந்த துணை எனக்குத் தெரியவில்லை. திருநின்றவூர்க்காரரான அவருக்குக் கோயில் கட்டப் பொருள் இல்லை, மனத்துக்குள்ளேயே கட்டினார். கட்டினார் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாகாது. நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார், தச்சரைச் சேர்த்தார், விமானத்தை எழுப்பிச் சிகரம் வைத்தார், சுதை வேலை செய்தார், கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளமும் அமைத்து, அதன் பின்னரே பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார். அதே நாளைத் தன் கற்கோயிலுக்குக் குறித்திருந்த காஞ்சிப் பல்லவன் கனவில் இறைவன் தோன்றி, நாளை நாம் பூசலார் ஆலயத்துக்குச் செல்கிறோம், உன் விழாவைத் தள்ளிவை என்றான். அந்தக் கற்கோயில் இராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலே என்று பலரும் கொள்வர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அதன் மணற்கல் சிற்பங்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். பூசலார் கோயிலைக் காண நின்றவூருக்கு ஓடிவந்த மன்னன் அங்கே கண்டது ஒரு மனிதரை மட்டுமே. திரைக்கதை என்பதும் மனத்தில் எழுப்பும் ஆலயம்தான். ஆனால் மனத்தில் கட்டுவதாலேயே கிணற்றையும் மதிலையும் விட்டுவிடலாம் என்று பூசலார் எண்ணவில்லை என்பதை, இரண்டு பக்கச் சுருக்கத்தோடு திருப்தியடைந்துவிடும் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டும்.

பெயர் பெறாத உழைப்புக்கு அயல்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. அரசியல் கொள்கைக்காக ஹாலிவுட்டில் விலக்கிவைக்கப்பட்ட டால்டன் ட்ரம்போ, மாற்றுப் பெயர்களில் ஒளிந்து எழுதினார். ‘ரோமன் ஹாலிடே’ கதைக்கான ஆஸ்கார், அவருக்காகப் பெயர் கொடுத்த நண்பர் இயான் மெக்லெல்லன் ஹன்டருக்குப் போயிற்று. 1957இல் ‘தி பிரேவ் ஒன்’ கதைக்காக ராபர்ட் ரிச் என்பவரை அழைத்தார்கள். அப்படி ஓர் எழுத்தாளரே உலகில் இல்லை. அந்தச் சிலை 1975இல்தான் ட்ரம்போவின் கைக்கு வந்தது; அடுத்த ஆண்டு அவர் இறந்தார்; மற்றது 1993இல் அவருடைய மனைவியிடம் சேர்ந்தது. விருதே கிட்டாது, கிட்டினாலும் தன் பெயருக்குக் கிட்டாது என்று அறிந்திருந்த காலத்தில் அந்த மனிதர் மட்டமாக எழுதவில்லை. நிஷ்காம கர்மம் என்பதற்கு நம் புராணங்களுக்கு வெளியே உதாரணம் கேட்பவர்களுக்கு நான் இவரைத்தான் சொல்வேன். ஆயினும் அவருக்குச் செய்யப்பட்டது அநியாயமே என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

விருதுகளிலிருந்து தொழில் நுணுக்கமாக ஏதேனும் கற்றுக்கொள்ள உண்டா என்றால், உண்டு. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து பாலசந்தர் ஆக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’ 1981க்கான திரைக்கதை விருதைப் பெற்றது; அதன் நடுவே இருப்பது ஒரு குடம் தண்ணீர். 2010க்கான விருதை வெற்றிமாறனுக்குத் தந்த ‘ஆடுகளம்’ படத்தின் நடுவே ஒரு சண்டைச் சேவல். மடோன் அஸ்வின் 2020க்கான வசன விருது பெற்ற ‘மண்டேலா’வின் நடுவே ஒரே ஒரு வாக்கு. காஞ்சிவரத்தின் நடுவே ஒரு புடவை. கையால் தொடக்கூடிய, எண்ணிக்கையில் அடங்கக்கூடிய, ஓர் ஊருக்கே உரிய ஒரு பொருளின்மீது ஒரு மனிதனுடைய ஆசை முழுவதும் போய்க் குவிகிறது. அதன் மூலமாகச் சமூகம் முழுவதும் தெரிகிறது. எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன் என்று ஊர் பேர் தெரியாத நகரத்தில் கதையை நடத்துபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். ஐயம்பேட்டையில் பிறந்தவருக்கு மும்பைக் கொள்ளைக்காரனைவிடப் பாவில் அறுந்த இழையைப் பிணைப்பவரை நன்றாகத் தெரியும்.

தோல்வியையும் பார்க்கலாம். 2018இல் சினிஸ்தான் நடத்திய அகில இந்தியத் திரைக்கதைப் போட்டியில் பிப்லப் கோஸ்வாமி அனுப்பிய ‘டூ பிரைட்ஸ்’ முதற்பரிசைப் பெறவில்லை. இரண்டாம் நிலையில் நின்றது. நடுவர்களில் ஒருவரான ஆமிர் கான் அதை மறக்காமல் இயக்குநர் கிரண் ராவிடம் கொண்டுபோய்க் கொடுக்க, சினேகா தேசாய் திரைக்கதையைப் புதிதாக எழுதி, கிரண் ராவ் இயக்கத்தில் 2024இல் ‘லாபதா லேடீஸ்’ வெளிவந்தது. வென்றவர்களை விட்டு இரண்டாமவரின் ஏடு வளர்ந்தது. வளர்ந்தபோது இன்னொருவர் கையாலும் திருத்தம் பெற்றது. பலன் நம் வசத்தில் இல்லை என்பதன் நடைமுறைப் பொருள் இவ்வளவுதான்.

கடைசியாக, போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குமரகோட்டத்துச் சபை தன் ஆட்சேபத்தை எழுந்து நின்று வாய்விட்டுச் சொன்னது. அதனால்தான் விடையும் பிறந்தது. இன்றைய போட்டிகள் பலவும் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, வென்றவர் பட்டியலை வெளியிட்டுவிட்டு, மற்ற ஆயிரம் பேரிடம் மௌனம் சாதிக்கின்றன. பரிசுத் தொகையில் ஒரு பங்கைக் குறைத்தாவது வாசகர்களை நியமித்து, திருப்பப்படும் ஒவ்வொரு கைப்பிரதிக்கும் எங்கே இடறியது என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். அது இயலாதென்றால் கட்டணம் வாங்காதீர்கள்.