அரைப்பேர்

வீடு கட்டினேன் என்று ஒருவர் சொன்னால் அதில் பொய் இல்லை. கல் வைத்தவர் மேசன் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆனால் "இது நானே செய்த கணனி" என்று ஒருவர் சொல்லும்போது அந்தச் சொல் எங்கே நிற்கிறது? அதை நானும் சொல்லியிருக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வி சில காலமாக என்னோடு இருந்து வருகிறது.

ஒரு காலத்தில் இந்தச் சொல்லுக்குச் சதை இருந்தது. 1975 ஜனவரியில் 'பொப்பியூலர் இலெக்ட்ரோனிக்ஸ்' என்ற அமெரிக்கச் சஞ்சிகையின் அட்டையில் அல்டெயர் 8800 வந்தது. தபாலில் உதிரிப் பாகங்களாக அதை வாங்கியவர்கள் உறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டுமே. அவ்வளவு பாடுபட்டவர் "செய்தேன்" என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? 1981 இல் ஐ.பி.எம். தன் கணனியைக் கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே அமைத்தது. 1995 இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை திருகாணித் துளைகளின் இடத்தைக்கூட நிர்ணயித்துவிட்டது. எந்தக் கம்பனியின் பலகையும் எந்தக் கம்பனியின் பெட்டியிலும் பொருந்தும் நிலை வந்தது. இன்று ஒரு ஸ்குரு டிரைவரும் அரை நாளும் போதும்.

2021 இல், பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து பிள்ளைகள் போனில் பாடம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுக்கென்று ஒரு மேசைக் கணனி பூட்டத் தீர்மானித்தேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கிப் பாகங்களை வாங்கி, கோட்டையிலிருந்து தலவாக்கலைக்கு ரயிலிலும், அங்கிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கு பஸ்ஸிலும், பிள்ளையைப் போல் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கடையின் மேல்மாடியில் மேசையைத் துடைத்துவிட்டு, கையிலுள்ள நிலைமின்சாரம் போகப் பெட்டியின் இரும்பைத் தொட்டுத் தொட்டு வேலையைத் தொடங்கினேன்.

மூளை எனப்படும் அந்தச் சதுரச் சில்லை நான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏ.எம்.டி. ரைசன். அதன் உலோக மூடியில் பொடி எழுத்தில் அமெரிக்கா, தாய்வான், சீனா என்று மூன்று நாடுகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. உள்ளேயிருக்கும் சிலிக்கன் முதல் இரண்டு நாடுகளில் உருவாகி, மூன்றாவதில் பொதியப்பட்டது என்பது பொருள். மூன்று நாடுகள் இருக்கின்றன, ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. மூடியின் நடுவே பட்டாணி அளவு வெப்பப் பசை வைத்து, அதன் மேல் விசிறியை இருத்தி, நான்கு திருகாணிகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினேன். நினைவகத்தை அழுத்தியபோது இரு பக்கமும் 'டக்' என்று பூட்டிக்கொண்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. முன்பக்க சுவிட்சுக்குப் போகும் மயிர் போன்ற வயர்களோடு மல்லுக்கட்டியதுதான் உண்மையில் வேலை. இரவு எட்டு மணிக்குத் திரையில் எழுத்து வந்தது.

கடைக்கு வழமையாக வரும் பெரியவர் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் மாடியிலும் ரோலர் அறையிலும் ஆயுள் முழுவதும் உழைத்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அவரை மேலே அழைத்துச் சென்று காட்டினேன். பெட்டிக்குள் சுற்றும் விசிறியைக் குனிந்து பார்த்தவர் கேட்டார்:

"நல்லாருக்கு மொதலாளி. இதுல நீங்க செஞ்சது எது?"

"எல்லாத்தையும் நான்தானே ஐயா பூட்டினேன்."

"பூட்டுனீங்க, சரி. நாங்களுந்தான் மெசினுக்கு பெல்ட் மாட்டுவோம். மெசின் செஞ்சோம்னு சொல்ல மாட்டோமே."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் சொற்களை அளந்து பேசுவார், அவ்வளவுதான்.

இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு. லெனர்ட் ரீட் என்ற அமெரிக்கர் 1958 இல் ஒரு பென்சில் தன் கதையைத் தானே சொல்வது போன்ற கட்டுரையை எழுதினார். ஒரு சாதாரண பென்சிலை முழுவதாகச் செய்யத் தெரிந்த மனிதர் உலகில் ஒருவரும் இல்லை என்பது அதன் வாதம். மரம் வெட்டுபவர், கரியம் தோண்டுபவர், வர்ணம் பூசுபவர் எல்லாரும் ஒருவரையொருவர் அறியாமலே சேர்ந்து அதைச் செய்கிறார்கள். ஆகவே சந்தையை அதன் பாட்டில் விட்டுவிடுங்கள் என்று முடிக்கிறார். முதற் பாதி உண்மை. பிற்பாதியை மலையகத்தில் வாழும் ஒருவரால் இலகுவில் விழுங்க முடியாது. ஒருவரும் தனியே செய்யவில்லை என்பதிலிருந்து, ஒருவருக்கும் தனியே கடன்படவில்லை என்ற முடிவுக்கு நழுவிவிடுவது மிக வசதியானது. இன்டெல் கம்பனி 1972 இல் மலேசியாவின் பினாங்கில் தொழிற்சாலை திறந்தபோது சில்லுகளைப் பொருத்தும் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் கிராமத்து இளம் பெண்கள். பெண்களின் விரல் நுணுக்கமானது என்று அன்று புகழ்ந்தார்கள். கொழுந்து பறிப்பதற்கும் இதே புகழ்ச்சியை இங்கே கேட்டிருக்கிறோம். விரலைப் புகழ்ந்து கூலியைக் குறைக்கும் வித்தை கடல் கடந்தும் ஒன்றுதான்.

இன்னொரு பதில் ஜோன் லொக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதியுடையது. ஒருவன் தன் உழைப்பை ஒரு பொருளோடு கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்று 17ஆம் நூற்றாண்டில் எழுதினார். இதன்படி அரை நாள் உழைப்பைக் கலந்த எனக்குக் கணனியில் ஒரு பங்கு உண்டு, நல்லது. ஆனால் அதே அளவுகோலை டயகமைக்கும் ஹோல்புறூக்கிற்கும் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். காட்டை வெட்டி, மலையைக் கொத்தி, கன்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தமக்கு உறுதி இல்லாத லயக் காம்பராக்களில் இருக்கிறார்கள். லொக்கின் கோட்பாடு மலை ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது.

அப்படியானால் நான் சொல்லக்கூடிய நேர்மையான சொல் எது? இரண்டு வருடங்களுக்குப் பின், ஒரு பின்னேர இடிமின்னலில் மின்வழங்கி எரிந்துபோனபோது எனக்குக் கொஞ்சம் வெளித்தது. 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியதன் பின், புதிய கணனி என்பது எண்ணிப் பார்க்க முடியாத காரியமாகியிருந்தது. நான் பெட்டியைத் திறந்து, எரிந்ததைக் கழற்றி, வேறொன்றைப் பூட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரையும் குறை சொல்லவுமில்லை. 'திறந்தால் உத்தரவாதம் இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும் பொருளோடு அப்படி ஓர் உறவு நமக்கு இருப்பதில்லை. "நான் செய்தது" என்பதில் உண்மையான பகுதி இதுதான் என்று படுகிறது: பழுதானால் பதில் சொல்ல வேண்டியவன் நான். அது புகழுக்கான உரிமைகோரல் அல்ல, ஒரு பொறுப்பேற்பு.

இப்படிச் சொன்னதும் வேறொரு சிக்கல் வந்து நிற்கிறது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. பேர் விழுந்தது என்றால் அன்றைய வேலை கணக்கில் சேர்ந்தது. நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மழை பெய்தாலும், மலையில் கொழுந்தே இல்லாவிட்டாலும், அதற்குப் பதில் சொல்பவர் கூடை சுமந்தவர்தான். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகி, கொழும்பு ஏலத்தில் தொழிற்சாலையின் 'மார்க்' பெயரில் விலைபோகும்போது, அந்தப் பெயரில் அவர் இல்லை. பொறுப்பு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு. என்னுடைய கணனியில் இரண்டும் என்னிடம் இருந்தன என்றால், அது என் திறமையால் அல்ல, காசு கொடுத்து வாங்கக்கூடிய இடத்தில் நான் இருந்ததால்.

மென்பொருளில் கதை சற்று வேறு. 1976 இலேயே பில் கேட்ஸ் பொழுதுபோக்குக் கணனிக்காரர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, இயந்திரத்துக்குக் காசு கொடுப்பவர்கள் நிரலை மட்டும் திருடுகிறார்களே என்று கோபித்துக்கொண்டார். எங்கள் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்த பின்னும் கள்ளப் பிரதிகள் வெளிப்படையாகவே விலைபோயின. கொழுந்து பறிப்பவருக்குப் பேர் கேட்டுவிட்டு நிரல் எழுதியவரின் பேரை விழுங்குவது சரியில்லை என்று எனக்குப் பட்டதால் லினக்ஸை நிறுவினேன். அதன் மூல நிரலுக்குள்ளேயே பங்களித்தோர் பட்டியல் ஒன்று இருக்கிறது. 2005 முதல் ஒவ்வொரு மாற்றமும் அதைச் செய்தவரின் பெயரோடு பதிவாகி, எவரும் பார்க்கும்படி கிடக்கிறது. ஒரேயொரு வரியைத் திருத்தியவருக்கும் முழுப்பேர்.

ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து செய்யும் பொருளில் எல்லாருடைய பெயரையும் எப்படி எழுதி வைப்பது என்று இனி எவரும் கேட்க வேண்டியதில்லை. தோட்டத்திலும் அது எழுதப்பட்டே வந்திருக்கிறது. யார் எந்த நாளில் எத்தனை கிலோ பறித்தார் என்பதெல்லாம் செக்ரோலில் வரி வரியாக உண்டு. அந்தப் புத்தகம் துரையின் ஒபிசில் இருக்கிறது. கூலியை வெட்டும்போது மட்டும் திறப்பார்கள்.