முந்தி ஓடுவதில் என்ன இருக்கிறது?

5 வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். 11 வயதுக்குள் இரு தரப்பின் வாசிப்புத் திறனும் சமமாகிவிட்டது. அப்படியிருக்க, எல்கேஜி பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு விரட்டினால் மிஞ்சுவது பயம்தான்.

“சும்மா விட்டால் பின்தங்கிவிடாதா?” என்று கேட்கலாம். சும்மா விடச் சொல்லவில்லை. பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போடும்போதே எண்ணிக்கை பழகிவிடுகிறது. கதையைப் பாதியில் நிறுத்தி, “அப்புறம் என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்டால் பிள்ளையின் பேச்சும் யோசனையும் வளர்கின்றன. பேச்சில் உண்மையாகவே தாமதம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, நேற்றைவிட இன்று உங்கள் பிள்ளை புதிதாக என்ன கற்றது என்று பாருங்கள். அந்த ஒப்பீடு போதும்.